சுற்றுச்சூழலையும் கலையையும் சேர்த்துப் படிக்க: மேற்படிப்புக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், தரைக்குக் கீழே சுமார் 650 மீட்டர் ஆழத்தில், பழைய உப்புப் படுகைக்குள் அணுக்கழிவைப் புதைத்து வருகிறார்கள். அணு ஆயுதத் தயாரிப்பில் மிஞ்சிய கழிவு அது. 10,000 ஆண்டுகளுக்கு அந்த இடத்தை யாரும் தெரியாமல் தோண்டிவிடக் கூடாது என்பது கணக்கு. ‘தோண்டாதே’ என்று எழுதி வைக்கலாம். எந்த மொழியில்? எழுத்து என்ற ஒன்றுக்கே வயது ஐயாயிரத்துச் சொச்சம்தான். மண்டை ஓடு வரைந்து வைக்கலாம். அதைப் பார்த்தவர் உள்ளே புதையல் இருக்கிறது என்று நினைத்துவிட்டால்? 1990களின் தொடக்கத்தில் இந்தச் சிக்கலுக்காகக் கூட்டிய வல்லுநர் குழுக்களில் பொறியாளர்களோடு மொழியியலாளர், மானுடவியலாளர், தொல்லியலாளர், ஓவியர் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

‘இலக்கியமும் வரலாறும் படித்தவருக்குச் சுற்றுச்சூழலில் என்ன வேலை?’ என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் நான் முதலில் சொல்வேன். கதிர்வீச்சு எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதை இயற்பியல் சொல்லிவிடும். அதை இன்னொரு மனிதருக்குப் புரிய வைப்பது இயற்பியலின் வேலை இல்லை.

இந்தப் படிப்புக்கு ஆங்கிலத்தில் என்விரான்மென்டல் ஹியூமானிட்டீஸ் என்று பெயர். தமிழில் இன்னும் ஒரே பெயர் நிலைக்கவில்லை. இங்கே சுற்றுச்சூழல் மானுடப்புலம் என்று வைத்துக்கொள்வோம். சூழல் வரலாறு, சூழலியல் இலக்கியத் திறனாய்வு, சூழல் தத்துவம், மானுடவியல், காட்சிக் கலை, படைப்பெழுத்து எல்லாம் இந்தக் கூரைக்குக் கீழே வரும். கூரை புதிது, அறைகள் பழையவை. அமெரிக்கச் சூழல் வரலாற்றுச் சங்கம் 1977இல் உருவானது. இலக்கியத்தையும் சூழலையும் சேர்த்து ஆராய்பவர்களின் சங்கமான ஏ.எஸ்.எல்.இ. 1992இல் வந்தது. துறையின் பெயரையே தாங்கிய ஆய்விதழ் 2012இல் தொடங்கியது. அதைக் கட்டணமில்லாமல் படிக்கலாம். சங்கப் பாடல் படித்தவர்களுக்கு இதன் அடிப்படை எண்ணம் அந்நியமாக இருக்காது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் உயிர்களையும் மனித உணர்வையும் ஒரே சட்டத்துக்குள் வைத்தது திணை. ஆனால் ‘எங்களிடம் அப்போதே இருந்தது’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டால் அது பெருமை, ஆய்வு ஆகாது.

சரி, படிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். எங்கே தொடங்குவது?

முதல் படி: கேள்வியைப் பிடியுங்கள்

பெரும்பாலானவர்கள் தேடுபொறியில் படிப்பின் பெயரைத் தட்டுவதில் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்; பல மாதங்கள் வீணாயின. ஒரே பெயரில் ஓரிடத்தில் கவிதைப் பட்டறை நடக்கும், இன்னோரிடத்தில் நீர்ச் சட்டம் நடத்துவார்கள். பெயரை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. உங்கள் கையில் ஒரு கேள்வி இருந்தால்தான் எந்தக் கதவு உங்களுக்கானது என்று தெரியும்.

‘இலக்கியத்தில் இயற்கை’, ‘காலநிலை மாற்றமும் கலையும்’ போன்றவை தலைப்புகள். கேள்விக்கு ஒரு பொருள் வேண்டும், ஓர் இடம் வேண்டும், ஒரு காலம் வேண்டும், கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று வேண்டும். எப்படிப்பட்ட சான்று என்பதற்குச் சில உதாரணங்கள் சொல்கிறேன். துறையின் உண்மையான ருசி இங்கேதான் இருக்கிறது.

ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி எப்போது முழுதாகப் பூத்தது என்ற குறிப்புகள் 9ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. அரசவையினரும் துறவிகளும் எழுதிய நாட்குறிப்புகளில், பூ பார்க்கும் விருந்து எந்த நாளில் நடந்தது என்று போகிற போக்கில் எழுதி வைத்தது அது. ஆயிரம் ஆண்டுக்கும் மேலான வசந்தகால வெப்பநிலையை ஊகிக்க இன்று அந்த வரிகள் உதவுகின்றன. பிரான்சின் போன் என்ற ஊரில் திராட்சை அறுவடை தொடங்கிய தேதிகள் 1354 முதல் தொகுக்கப்பட்டிருக்கின்றன. வெயில் கூடிய ஆண்டில் பழம் சீக்கிரம் பழுக்கும், அறுவடையும் முந்திவிடும். கூலிக் கணக்கும் நகரமன்றப் பதிவும் இப்படி வெப்பமானியாக மாறுகின்றன. 1750க்கும் 1850க்கும் இடையில் ஐரோப்பியப் பாய்மரக் கப்பல்களின் தினப்பதிவேடுகளில் மாலுமிகள் எழுதிய காற்றின் திசையும் வேகமும் அதே மாதிரி காலநிலைத் தரவாகத் தொகுக்கப்பட்டன. மாலுமி ‘மெல்லிய காற்று’ என்று எழுதினால் அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அளவு? அதைத் தீர்மானிக்கப் பழைய சொற்களைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

இந்த மூன்றிலும் மானுடப்புலக்காரர் அறிவியலுக்கு அலங்காரம் செய்யவில்லை. பழைய கையெழுத்தைப் படித்து, யார் எதற்காக எழுதினார்கள் என்று சந்தேகப்பட்டு, நாட்காட்டி மாற்றத்தைக் கணக்கில் எடுத்து, எந்த வரியை நம்பலாம் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார். எதிர்த் திசையிலும் கேள்வி கேட்கலாம். அறுவடைத் தேதியை யார் தீர்மானித்தார்கள், அதில் யாருக்கு லாபம், எழுதப்படாமல் போனவர்கள் யார்? இதற்கு வெப்பநிலை வரைபடம் பதில் சொல்லாது.

ஒரு பயிற்சி. உங்கள் ஆர்வத்தை ஒரே வாக்கியத்தில், கேள்விக்குறியோடு எழுதுங்கள். அதில் ‘இயற்கை’, ‘மனிதன்’, ‘உலகம்’ என்ற மூன்று சொற்களும் வரக் கூடாது. ‘மனிதனுக்கும் இயற்கைக்குமான உறவை ஆராய விரும்புகிறேன்’ என்ற வாக்கியத்தை அப்போது உங்களால் எழுத முடியாது. அதற்குப் பதில், ‘அணைக்காக இடம்பெயர்ந்த மக்களின் பாடல்களில் ஆறு எந்தக் காலத்தில் வருகிறது, இறந்தகாலத்திலா நிகழ்காலத்திலா?’ என்பது மாதிரி ஏதாவது வந்தே தீரும். சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. அதை வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

இரண்டாம் படி: எந்த வகைப் பட்டம்?

இங்கே நிறையப் பேர் குழம்புகிறார்கள். நான்கைந்து வழிகள் இருக்கின்றன.

ஒன்று, இந்தத் துறையின் பெயரிலேயே முதுகலை. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகம் இதைத் தனி முதுகலைப் பட்டமாகவே நடத்துகிறது. இங்கிலாந்தில் பாத் ஸ்பா போன்ற இடங்களிலும் இது இருந்திருக்கிறது. ஐரோப்பிய முறையில் ஓராண்டுப் படிப்பு 60 கிரெடிட், ஈராண்டுப் படிப்பு 120 கிரெடிட் கொண்டது. முழுநேர முனைவர் பட்டம் உங்கள் குறி என்றால் ஈராண்டுப் படிப்பு நல்லது. ஓராண்டுப் படிப்பில் பாடம், கட்டுரை, ஆய்வேடு எல்லாம் ஓடியே போய்விடும். மூச்சு விட நேரமிருக்காது.

இன்னொன்று, பழைய துறை ஒன்றில் சேர்ந்து உள்ளேயிருந்து சூழலைப் படிப்பது. வரலாறு, ஆங்கிலம், தத்துவம், மானுடவியல், கலை வரலாறு எதுவானாலும் சரி. பட்டச் சான்றிதழில் ‘வரலாறு’ என்றுதான் இருக்கும். ஆய்வேடு சதுப்புநிலத்தைப் பற்றியதாக இருக்கும். பேராசிரியர் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். வேலை விளம்பரங்கள் இன்னமும் பெரும்பாலும் பழைய துறைகளின் பெயரில்தான் வருகின்றன. புதிய பெயரில் பட்டம் வாங்கியவரைப் பார்த்துத் தேர்வுக் குழு, ‘இவரால் எங்கள் முதலாம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தை நடத்த முடியுமா?’ என்று யோசிக்கும். அந்தச் சந்தேகம் நியாயமானதா என்பது வேறு விவாதம்.

மூன்றாவது, இரட்டைப் படிப்பு. ஒரு முதன்மைத் துறை, அதோடு சுற்றுச்சூழல் துறையில் இணைப்புப் பாடத்தொகுதி அல்லது சான்றிதழ். கூடுதலாக நான்கைந்து பாடங்கள் எடுக்க வேண்டியிருக்கும். படிப்புக் காலம் நீளுமா, நீண்டால் உதவித்தொகையும் நீளுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாக ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்பதை நம்ப வேண்டாம்.

நான்காவது, படைப்பு சார்ந்த பட்டம். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஃப்.ஏ. என்ற நுண்கலை முதுகலைப் பட்டத்தின் பெயரே ‘படைப்பெழுத்தும் சுற்றுச்சூழலும்’தான். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் கலைத் துறையில் கலையும் சூழலியலும் என்று தனிப் பிரிவு இருக்கிறது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் படைப்புவழி முனைவர் பட்டம் பரவலான ஒன்று. அதில் நாவலோ படமோ நிறுவல் கலையோ ஒரு பாதி, அதை விளக்கும் ஆய்வுரை மறுபாதி. அந்த ஆய்வுரையைக் குறைத்து மதிப்பிட்டு மாட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

அப்புறம் அறிவியல் பின்னணியிலிருந்து வருபவர்கள். தாவரவியலோ பொறியியலோ படித்துவிட்டு இந்தப் பக்கம் வரலாமா என்று தயங்குவார்கள். தாராளமாக வரலாம். உங்களுக்குக் கைவராதது நீண்ட கட்டுரை எழுதும் பழக்கம்; விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டில் அதை வளர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இடத்தைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள்

சில மையங்களின் பெயர் இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும். மியூனிக் நகரில் ரேச்சல் கார்சன் மையம், 2009இல் லுட்விக் மாக்சிமிலியன் பல்கலைக்கழகமும் டாய்ச்சஸ் மியூசியம் என்ற அருங்காட்சியகமும் சேர்ந்து தொடங்கியது. ஸ்டாக்ஹோமில் கே.டி.எச். தொழில்நுட்பக் கழகத்துக்குள்ளேயே ஒரு சுற்றுச்சூழல் மானுடப்புல ஆய்வகம் இருக்கிறது. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு பள்ளி, விஸ்கான்சின் மேடிசனில் பண்பாடு, வரலாறு, சூழல் மூன்றையும் இணைக்கும் மையம், சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம். ரேச்சல் கார்சன் மையத்தின் ‘என்விரான்மென்ட் அண்ட் சொசைட்டி போர்ட்டல்’ என்ற இணையக் களஞ்சியம் எல்லாருக்கும் இலவசம். சேர்கிறோமோ இல்லையோ, துறை எப்படி யோசிக்கிறது என்று தெரிந்துகொள்ள அதில் ஒரு வாரம் மேய்ந்தாலே போதும்.

ஆனால் மையத்தின் பெயர் உங்கள் ஆய்வேட்டைத் திருத்தித் தரப்போவதில்லை. அதைச் செய்யப்போவது ஒரே ஒரு மனிதர், உங்கள் நெறியாளர். எனவே அவரைத் தேடுங்கள். வழி எளிது. உங்கள் கேள்விக்கு அருகில் வரும் நான்கைந்து ஆய்வுக் கட்டுரைகளை எடுங்கள். யார் எழுதினார்கள், எங்கே இருக்கிறார்கள், அடிக்குறிப்பில் யாருக்கு நன்றி சொல்கிறார்கள் என்று பாருங்கள். அந்த நன்றிப் பட்டியல்தான் துறையின் உண்மையான வரைபடம். அப்புறம், அவரிடம் முனைவர் பட்டம் முடித்தவர்களின் ஆய்வேடுகளைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் தேடிப் படியுங்கள். முழுதும் வேண்டாம், முன்னுரையும் ஓர் இயலும் போதும். அந்த அளவுக்கு நம்மால் எழுத முடியுமா என்றும், அப்படி எழுத ஆசைப்படுகிறோமா என்றும் அப்போது தெரிந்துவிடும்.

அடுத்து மின்னஞ்சல். நான் முதன்முதலில் ஒரு பேராசிரியருக்கு மூன்று பக்கம் எழுதினேன். பதில் வரவில்லை. வராததுதான் நியாயம் என்று பின்னால் புரிந்தது. இருநூறு சொல்லுக்குள் முடியுங்கள். நீங்கள் யார் என்று ஒரு வரி. உங்கள் கேள்வி இரண்டு வரி. அவருடைய எந்தக் கட்டுரையின் எந்த வாதம் உங்களை அங்கே கொண்டுவந்தது என்று இரண்டு வரி. அடுத்த ஆண்டு புதிய மாணவர்களை எடுக்கிறாரா என்ற நேரடிக் கேள்வி. அவ்வளவுதான். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதன் பிறகு அடுத்தவரைப் பாருங்கள்.

அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களிடமும் தனியாகப் பேசுங்கள். வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருப்பித் தருகிறார் என்ற ஒரு கேள்வி போதும். மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

நான்காம் படி: அறிவியல் பக்கத்தைப் பலப்படுத்துங்கள்

இரண்டு துறையைச் சேர்த்துப் படிப்பதென்றால் இரண்டிலும் பாதிப் பாதி தெரிந்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வேலைக்கு ஆகாத எண்ணம். ஒன்றில் முழு ஆழம் வேண்டும். மற்றதில் ஏமாறாத அளவு தெளிவு வேண்டும்.

ஏமாறாத அளவு என்றால் என்ன? பன்னாட்டுக் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘லைக்லி’ என்ற சொல் சாய்வெழுத்தில் வந்தால் அது வெறும் பேச்சுவழக்குச் சொல் அல்ல. 66 முதல் 100 விழுக்காடு நிகழ்தகவு என்று பொருள். ‘வெரி லைக்லி’ என்றால் 90 முதல் 100. ‘வர்ச்சுவலி செர்ட்டன்’ என்றால் 99 முதல் 100. தமிழில் மூன்றையும் ‘வாய்ப்புள்ளது’ என்று மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? ஒரு சொல்லுக்குப் பின்னால் ஓர் எண் ஒளிந்திருக்கிறது என்று தெரியாதவர் அந்த அறிக்கையின் மொழிநடையைத் திறனாய்வு செய்ய முடியாது. தெரிந்தவருக்கோ இதுவே ஓர் ஆய்வேட்டுத் தலைப்பு.

‘ஆந்த்ரோபோசீன்’ என்ற சொல்லும் அப்படித்தான். மனிதச் செயல்களே பூமியைத் தீர்மானிக்கும் யுகம் என்ற பொருளில் 2000இல் பால் க்ருட்சன், யூஜின் ஸ்டோர்மர் என்ற அறிவியலாளர்கள் அதை முன்வைத்தார்கள். மானுடப்புலம் அதை வாரி அணைத்துக்கொண்டது. நிலவியலாளர்களோ பல ஆண்டு விவாதித்து, 2024 மார்ச்சில் அதை முறையான நிலவியல் காலப்பிரிவாக ஏற்க மறுத்துவிட்டார்கள். சொல் இன்னமும் பயன்படுகிறது, பயன்படலாம். ஆனால் ‘நாம் ஆந்த்ரோபோசீன் என்ற நிலவியல் யுகத்தில் வாழ்கிறோம் என்று அறிவியல் நிறுவியுள்ளது’ என்று விண்ணப்பத்தில் எழுதினால், படிப்பவர் புருவம் உயரும். உண்மையில் அந்தச் சொல்லோடு தொடங்கும் விண்ணப்பங்கள் ஏராளம்; உங்களுடையது இன்னொன்றாக இருக்க வேண்டியதில்லை.

எனவே சேருவதற்கு முன்பே மூன்று காரியம் செய்யுங்கள். சூழலியலில் ஓர் அடிப்படைப் பாடநூலை முழுதாகப் படியுங்கள். புள்ளியியலில் சராசரி, விலக்கம், நம்பிக்கை இடைவெளி அளவுக்காவது போங்கள். க்யூஜிஐஎஸ் என்ற இலவச நிலப்பட மென்பொருளில் ஒரு பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்திப் பாருங்கள். மூன்றாவதைச் செய்யும்போது, நூறு வருஷத்துக்கு முந்தைய ஆற்றங்கரை இப்போது சாலையாக இருப்பதைத் திரையில் பார்ப்பீர்கள். அதற்கப்புறம் படிப்பில் சலிப்பு வராது.

கலைப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கும் இது பொருந்தும். கிரீன்லாந்தின் பனிக்கட்டிகளை நகரச் சதுக்கங்களில் உருக வைத்த ‘ஐஸ் வாட்ச்’ என்ற படைப்பைக் கலைஞர் ஓலஃபூர் எலியாசன், நிலவியலாளர் மினிக் ரோசிங்கோடு சேர்ந்துதான் செய்தார். 2015இல் பாரிஸ் காலநிலை மாநாட்டின்போது 12 பெரிய கட்டிகள் கடிகார முகம்போல வட்டமாக வைக்கப்பட்டன. அவற்றைக் கொண்டுவர வெளியான கார்பன் எவ்வளவு என்று கணக்கிட்டு வெளியிடவும் செய்தார்கள். உங்கள் படைப்பு முன்மொழிவிலும் அந்தக் கணக்கை யாராவது கேட்பார்கள். பதிலோடு போவது நல்லது.

ஐந்தாம் படி: விண்ணப்பக் கட்டு

சேர விரும்பும் மாதத்துக்குக் குறைந்தது ஓராண்டு முன்பே தொடங்க வேண்டும். அமெரிக்க முனைவர் பட்டங்களுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைப் படிப்புகள் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பம் வாங்குகின்றன.

நோக்க அறிக்கையில் தன்வரலாறு எழுதும் ஆசையை அடக்குங்கள். ‘சிறு வயதிலிருந்தே எனக்கு இயற்கை பிடிக்கும்’ என்று தொடங்கிய என் முதல் வரைவைப் படித்த நண்பர், ‘யாருக்குத்தான் பிடிக்காது?’ என்று கேட்டார். அத்தோடு அந்தப் பத்தி போயிற்று. நேராகக் கேள்வியில் தொடங்குங்கள். அதை ஏன் ஒரே துறையால் தீர்க்க முடியாது என்று சொல்லுங்கள். எந்தச் சான்றுகளைப் பார்ப்பீர்கள், அவை எங்கே இருக்கின்றன, அவற்றைப் படிக்கத் தேவையான மொழி உங்களுக்குத் தெரியுமா? இந்த இடத்தில் தமிழ் உங்களுக்குப் பலம். தமிழ் மூலங்களை நேரடியாகப் படிக்க முடியும் என்பதை மறைமுகமாக விடாமல் ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். தேர்வுக் குழுவில் இருப்பவருக்கு அது தானாகத் தோன்றாது. கடைசியில், ஏன் இந்தத் துறை, ஏன் இந்த நெறியாளர் என்பது. பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்றினாலும் அந்தப் பத்தி பொருந்துகிறது என்றால் அதை வெட்டிவிட்டு மறுபடி எழுதுங்கள்.

எழுத்து மாதிரிக்குச் சூழல் பற்றிய கட்டுரைதான் வேண்டும் என்று இல்லை. சுமாரான சூழல் கட்டுரையைவிட, ஒரு பாடலையோ ஆவணத்தையோ நெருங்கிப் படித்த நல்ல கட்டுரை மேல். படைப்புப் பிரிவுக்குப் போர்ட்ஃபோலியோ, அதாவது உங்கள் படைப்புகளின் தொகுப்பு, கேட்பார்கள். ஒவ்வொரு படைப்பின் கீழும் என்ன பொருளால், எங்கே, ஏன் என்று இரண்டு வரி இருக்கட்டும்.

பரிந்துரைக் கடிதம் மூன்று கேட்டால், ஒன்றாவது உங்கள் முதன்மைத் துறைக்கு வெளியே இருப்பவரிடமிருந்து வரட்டும். அறிவியல் ஆசிரியர் ஒருவர் ‘இவருக்குத் தரவைப் படிக்கத் தெரியும்’ என்று எழுதினால் அதன் எடை தனி. கேட்கும்போதே உங்கள் நோக்க அறிக்கையையும் கடைசித் தேதியையும் அனுப்பிவிடுங்கள்.

ஆறாம் படி: பணம்

பணம் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். முதுகலைக்கு முழு உதவித்தொகை கிடைப்பது அரிது. முனைவர் பட்டத்துக்குக் கிடைக்காவிட்டால் போகாதீர்கள். இதில் நான் கொஞ்சம் கறார்தான். சொந்தப் பணத்தில் ஐந்தாறு ஆண்டு மானுடப்புல ஆய்வு செய்து கடனோடு வெளியே வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாட்டுக்கு நாடு முறை வேறு. அமெரிக்காவில் முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் உதவியாளர் பணி, அதற்கு ஈடாகக் கட்டண விலக்கு, மாதாந்திரத் தொகை என்பது வழக்கம். ஸ்வீடனிலும் நார்வேயிலும் முனைவர் பட்டம் என்பது சம்பளம் வாங்கும் வேலை. வேலை விளம்பரம்போலவே வெளியாகும், வேலைக்குப் போடுவதுபோலவே விண்ணப்பிக்க வேண்டும். ஸ்வீடனில் அதன் காலம் நான்கு ஆண்டு. நார்வேயில் மூன்று ஆண்டு, கற்பிக்கும் பணியும் சேர்ந்தால் நான்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி முனைவர் பட்ட வலையமைப்புகள் எந்த நாட்டவரையும் எடுக்கின்றன. ஒரு நிபந்தனை மட்டும் பலருக்குத் தெரிவதில்லை: பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், வேலை தரும் நாட்டில் நீங்கள் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. அங்கேயே முதுகலை முடித்துவிட்டு அங்கேயே இதற்கு விண்ணப்பிக்கலாம் என்று திட்டமிட்டவர்களின் கணக்கு இந்த வரியில்தான் கவிழும்.

களப்பணிச் செலவை யார் தருவது என்பது தனிக் கேள்வி. கோடை மாதங்களுக்குத் தொகை உண்டா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒப்புக்கொள்ளும் முன் கேளுங்கள். அமெரிக்காவில் பெரும்பாலான பட்டமேற்படிப்புப் பள்ளிகள் உதவித்தொகையோடு வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருகின்றன. அதற்குள் அவசரப்படுத்தினால் அந்தத் தேதியை மரியாதையாக நினைவூட்டலாம்.

அப்போதே இன்னொன்றும் விசாரியுங்கள்: கடந்த ஐந்தாண்டில் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பேராசிரியர் பணி மிகக் குறைவு. அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், இதழியல், பதிப்பகம், தொண்டு நிறுவனம், அணை அல்லது சுரங்கத் திட்டங்களின் பண்பாட்டுப் பாதிப்பை மதிப்பிடும் வேலை என்று பலரும் பல இடங்களில் இருப்பார்கள். பட்டியல் காட்டத் தயங்கும் துறையின் தயக்கமே உங்களுக்கு ஒரு தகவல்.

ஏழாம் படி: சேர்ந்த பிறகு, முதல் ஆண்டு

முதல் மாதத்திலேயே நூற்குறிப்புகளை ஸொட்டீரோ போன்ற இலவச மென்பொருளில் சேர்க்கத் தொடங்குங்கள். இரண்டு துறைகளின் மேற்கோள் முறையும் வேறு வேறு என்பதால் பின்னால் கையால் மாற்றுவது தலைவலி.

அறிவியல் துறையில் நண்பர்களைத் தேடுங்கள். ஐஸ்லாந்தின் ஓக் பனியாறு இதற்கு நல்ல சான்று. அது தன் எடையால் நகரும் அளவுக்குப் பனி இல்லாமல் போனதால், இனி பனியாறு ஆகாது என்று 2014இல் சொன்னவர் ஒரு பனியாற்றியலாளர். அதைப் படமாக்கி, 2019இல் மலை மேல் நினைவுப் பலகை வைக்க ஏற்பாடு செய்தவர்கள் ரைஸ் பல்கலைக்கழக மானுடவியலாளர்கள் இருவர். பலகையின் வாசகத்தை எழுதியவர் ஓர் எழுத்தாளர். அடியில் அந்த ஆண்டு காற்றிலிருந்த கார்பன் டையாக்சைடு அளவு, 415 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 415 பங்கு), பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு செப்புப் பலகைக்கு இத்தனை கை. ஆய்வக மதிய உணவு நேரத்தில் போய் உட்கார்ந்து ‘நீங்கள் என்ன அளக்கிறீர்கள்?’ என்று கேட்பதிலிருந்து இப்படிப்பட்டவை தொடங்கும். முதல் சில வாரம் உங்களை விசித்திரமாகப் பார்ப்பார்கள். பழகிவிடும்.

மனிதர்களிடம் நேர்காணல் எடுப்பதாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். பேசுபவரிடம் என்ன சொல்லி ஒப்புதல் வாங்குவீர்கள், ஒலிப்பதிவை எங்கே வைப்பீர்கள், பெயரை மறைப்பீர்களா என்று கேட்பார்கள். அனுமதிக்கு முன் எடுத்த நேர்காணலை ஆய்வேட்டில் சேர்க்க முடியாமல் போகலாம். என்னுடன் படித்த ஒருவருக்கு அது நடந்தது. ஒரு கோடைக்காலமே வீண். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கைந்து மணி நேரம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முப்பது நேர்காணல் எடுக்கப் போகிறேன் என்று முன்மொழிவில் துணிச்சலாக எழுதியவர்கள் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

களத்துக்குப் போகும்போது ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா மை மழையில் கரையும், கைபேசியின் பேட்டரி வெயிலில் தீரும். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் தேதி, இடம், நேரம், வானிலை நான்கையும் எழுதுங்கள்.